கட்டப் பணம் வருகிறது, காக்கப் பணம் எங்கே? (தர்மபுரி, கிருஷ்ணகிரி நகரங்கள்)

ஏரிக்கரையான் | ஞாயிறு, காலை 7.20

எல்லோருக்கும் வணக்கம். தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். நான் சொல்லப் போவது எங்கள் ஊரில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓர் ஏரி. சில வருடங்களுக்கு முன் கரையைப் பலப்படுத்தி, நடைபாதைக்குக் கல் பதித்து, கம்பி வேலி, விளக்கு, சிமெண்ட் பெஞ்சு எல்லாம் போட்டார்கள். முதல் வருடம் சாயங்காலம் ஊரே அங்கேதான் இருந்தது. என் அம்மாவுக்கு மூட்டு வலி. அவரே தினமும் ஒரு சுற்று நடந்தார். இரண்டாவது வருடம் விளக்குகளில் பாதி எரியவில்லை. மூன்றாவது வருடம் வரத்துக் கால்வாய் அடைத்துக்கொண்டு, மழைத் தண்ணீர் ஏரிக்கு வராமல் தெருவுக்கு வந்தது. இப்போது சீமைக் கருவேலம் நடைபாதையை மூடிவிட்டது. அம்மா வீட்டு வாசலிலேயே நடக்கிறார்.

உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "அந்த வேலை முடிந்து பில்லும் கொடுத்தாகிவிட்டது. இனி அதில் செலவு செய்ய எங்களுக்குத் தலைப்பு இல்லை" என்றார். தலைப்பு என்றால் பட்ஜெட்டில் ஒரு செலவுக்கென்று இருக்கும் தனிக் கணக்கு. விளக்கு மாற்ற, முள் வெட்ட, கால்வாய் தூர்வார என்று தனியாகப் பணம் கிடையாதாம். அடுத்த திட்டம் வந்தால் மறுபடியும் மதிப்பீடு போட்டு எல்லாவற்றையும் புதிதாகச் செய்யலாமாம்.

அன்றிலிருந்து மனது ஆறவில்லை. நீடித்த நகர வளர்ச்சி என்று எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். ஐந்து வருடம் கூட நீடிக்காத ஒன்றைக் கட்டி, அது பாழான பிறகு திரும்பவும் கட்டுவதற்கு எப்படி அந்தப் பெயர் பொருந்தும்? நம் இரண்டு மாவட்ட நகரங்களுக்குப் பணம் எந்த வழியில் வருகிறது, எந்தப் பணத்தை எதற்குச் செலவு செய்யலாம், பராமரிப்புக்கு என்று ஒரு வழி இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம்.

பழைய கணக்கர் | ஞாயிறு, காலை 9.05

தம்பி, நான் உள்ளாட்சிக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நகராட்சிக்கு வரும் பணத்தை மூன்று ஊற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது சொந்த வருமானம். சொத்து வரி, தொழில் வரி, காலிமனை வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, பேருந்து நிலைய ஏலம், சந்தை ஏலம். இரண்டாவது மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்கு என ஒதுக்கும் 10 சதவீதத்திலிருந்து வரும் பங்கு. மூன்றாவது திட்டப் பணமும் மானியமும். ஒன்றிய நிதிக்குழு மானியம், அம்ருத் என்ற ஒன்றிய அரசின் நகரக் குடிநீர், கழிவுநீர்த் திட்டம், தூய்மை இந்தியா, கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் எல்லாம் இதில் வரும்.

மூன்றாவது ஊற்றுதான் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கல்வெட்டு வைப்பதும் அதற்குத்தான். ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் கையைக் கட்டித்தான் வரும். 2021 முதல் 2026 வரைக்கான 15ஆவது நிதிக்குழு மானியத்தைப் பாருங்கள். நம்மைப் போன்ற ஊர்களுக்கு வந்ததில் 60 சதவீதத்தை இதற்குத்தான் செலவு செய்ய வேண்டும் என்று முன்பே பிரித்துவிட்டார்கள். 30 குடிநீருக்கும் மழைநீர்ச் சேகரிப்புக்கும், 30 கழிவு, துப்புரவுக்கு. மிச்சம் 40 தான் நகர்மன்றம் தன் விருப்பப்படி செலவிடக்கூடியதாக இருந்தது. சம்பளம் கொடுக்க அதையும் தொடக் கூடாது என்றார்கள். அம்ருத் போன்ற திட்டங்களில் கட்டுமானச் செலவுதான் ஏற்கப்படும். கட்டிய பிறகு நடத்துகிற செலவு உள்ளாட்சியின் தலையில்.

ஆக, பராமரிப்புக்கு மிஞ்சுவது முதலாவதும் இரண்டாவதும்தான். அதில் சம்பளம், ஓய்வூதியப் பங்கு, பழைய கடன் தவணை, தெருவிளக்கு மின் கட்டணம், குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்ட வேண்டிய தண்ணீர்க் காசு எல்லாம் போன பிறகு கையில் நிற்பது சொற்பம். உங்களிடம் "தலைப்பு இல்லை" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று. தலைப்பை உருவாக்கும் அதிகாரம் மன்றத்துக்கு உண்டு. பட்ஜெட்டில் ஒரு வரி சேர்ப்பதற்கு யாரும் டில்லிக்குப் போக வேண்டியதில்லை.

பழையபேட்டை கடைக்காரர் | ஞாயிறு, காலை 10.40

கணக்கர் ஐயா சொல்வது புரிகிறது. ஆனால் கடைசியில் இது எங்கே வந்து முடியும் என்று எனக்குத் தெரியும். "வரியைக் கூட்டுங்கள்" என்றுதான் முடியும்.

கிருஷ்ணகிரியில் அப்பா காலத்திலிருந்து பலசரக்குக் கடை வைத்திருக்கிறோம். 2022 ஏப்ரலில் சொத்து வரியைத் திருத்தினார்களே, நினைவிருக்கிறதா? 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. கடைகளுக்கு ஒரே அடியாக 100 சதவீதம். சரி, ரொம்ப வருடமாகக் கூட்டவில்லை என்றார்கள். கட்டினோம். அதன் பிறகு வருடா வருடம் 6 சதவீதம் என்றார்கள். அதையும் கட்டுகிறோம்.

இவ்வளவும் கட்டிய பிறகும் என் கடை முன்னால் சாக்கடை மூடிக்கு நான்தான் சிமெண்ட் வாங்கிக் கொத்தனாரை வைத்துப் பூசினேன். வரி கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டிய பணத்தில் எவ்வளவு என் தெருவுக்குத் திரும்பி வந்தது என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். அதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம் கேளுங்கள், நானே எங்கள் வியாபாரிகளிடம் பேசுகிறேன்.

பழைய கணக்கர் | ஞாயிறு, காலை 11.30

கடைக்காரர் தம்பி கேட்பது நியாயம். பதில் சொல்லக் கடமைப்பட்டவன் நான்.

அந்த 2022 உயர்வுக்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருந்தது. 15ஆவது நிதிக்குழு மானியம் வேண்டுமானால் இரண்டு காரியம் செய்ய வேண்டியிருந்தது. தணிக்கை செய்த கணக்கை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட வேண்டும். சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவு அறிவித்து, மாநிலத்தின் உற்பத்தி வளர்ச்சிக்கு ஏற்ப வசூலை உயர்த்திக்கொண்டே போக வேண்டும். இரண்டாவது பாதி உங்கள் வீட்டுக்கு நோட்டீசாக வந்துவிட்டது. முதல் பாதியைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லவில்லை. கணக்கைப் பார்க்கும் உரிமையும் அந்த வரியோடு சேர்ந்தே வந்தது.

இன்னொன்று. நம் நகராட்சிகளில் மூன்று கணக்குகள் தனித்தனியாக இருக்கும். வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி. உங்கள் சொத்து வரி ஒரே ரசீதாக இருந்தாலும் உள்ளே பிரிந்து இந்த மூன்றுக்கும் போகும். அதனால் சாக்கடை மூடிக்கு உங்கள் பணத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே ஒதுங்கியிருக்கிறது. அது என்ன ஆனது என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். 2000ஆம் ஆண்டு வாக்கிலேயே தமிழ்நாட்டு நகராட்சிகள் இரட்டைப் பதிவுக் கணக்குக்கு, அதாவது ஒவ்வொரு வரவு செலவையும் பற்று, வரவு என இரண்டு இடத்தில் எழுதும் முறைக்கு, மாறிவிட்டன. நாட்டிலேயே முன்னால் செய்தவர்கள் நாம். ராத்திரி பகலாக உட்கார்ந்து நாங்கள் பேரேடு மாற்றினோம். யாரும் பார்க்காமல் கிடப்பதற்காகச் செய்த வேலை இல்லை அது.

அப்புறம் ஒரு சின்னத் தகவல், எல்லோருக்கும் பயன்படும். அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் சொத்து வரி கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை.

தளி ரோடு | ஞாயிறு, மதியம் 1.15

நான் ஒசூர். ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் ஊரின் கதை உங்கள் ஊர்களுக்கு நேர் எதிர். ஆனால் வலி ஒன்றுதான்.

2019இல் எங்களை மாநகராட்சி ஆக்கினார்கள். பெயர் பெரிதாகிவிட்டது. ஆனால் மானியம் பிரிக்கும் காகிதத்தில் எங்கள் தலை எண்ணிக்கை இன்னும் 2011 தான். அந்தக் கணக்கெடுப்பில் ஒசூர் நகராட்சியில் 1 லட்சத்து 16 ஆயிரம் பேர். அதற்குப் பிறகு வந்த குடியிருப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த எண்ணுக்கும் இன்றைய ஊருக்கும் சம்பந்தமே இல்லை. 2021இல் வர வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப் போய் 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக வைத்திருக்கிறார்கள். பதினாறு வருடம் வளர்ந்த பிள்ளைக்குப் பழைய அளவிலேயே சட்டை தைக்கிற மாதிரி இருக்கிறது.

அதே எண்ணிக்கை இன்னொரு பக்கமும் அடிக்கிறது. அம்ருத் இரண்டாம் கட்டத்தில் 1 லட்சத்துக்குக் குறைவான ஊருக்கு ஒன்றிய அரசு பாதிச் செலவு தரும். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் 2011 கணக்கில் 70 ஆயிரம் வாக்கில் இருப்பதால் அந்த வரிசையில் வரும். 1 லட்சத்தைத் தாண்டினால் மூன்றில் ஒரு பங்குதான். ஆக எங்களைப் பெரிய ஊர் என்று சொல்லிப் பங்கைக் குறைக்கிறார்கள், சின்ன ஊர் என்று சொல்லித் தலைக்கு வரும் மானியத்தையும் குறைக்கிறார்கள்.

தொழில் வரியைப் பாருங்கள். ஒசூரில் எத்தனை ஆலை, எத்தனை ஆயிரம் பேர் வேலை. எங்களுக்கு வலுவான சொந்த வருமானம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அரசியலமைப்பின் 276ஆவது பிரிவு ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்கிறது. 1988இல் வைத்த வரம்பு. அன்று 2,500 ரூபாய் பெரிய தொகை. இன்று புதிதாக வேலைக்குச் சேரும் பையனின் சில நாள் சம்பளம். மேலாளரும் அதேதான் கட்டுகிறார். இதை மாற்ற வேண்டும் என்று நம் மாவட்டத்திலிருந்து யாராவது சத்தமாகப் பேசிக் கேட்டதே இல்லை. எனக்கு வரி கூடும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

ஊத்தங்கரை மழை | ஞாயிறு, மதியம் 2.50

நீங்கள் எல்லோரும் வரி, மானியம் பேசுகிறீர்கள். நான் ஒரு இரவைப் பற்றிச் சொல்கிறேன்.

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து வலுவிழந்த பிறகு எங்கள் பக்கம் வந்து நின்றது. ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். பக்கத்தில் அரூரில் 33. கடலே பார்க்காத ஊர் நாங்கள். வறட்சிக்குத்தான் பழகியவர்கள். காலையில் ஏரித் தண்ணீர் திருவண்ணாமலை சாலையில் ஆறாக ஓடி, நிறுத்தி வைத்திருந்த வேன்களையும் கார்களையும் பொம்மை போல இழுத்துக்கொண்டு போனதை எல்லோரும் டிவியில் பார்த்திருப்பீர்கள். நான் மாடியில் நின்று நேரில் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நிவாரணம் வந்தது. நன்றி. ஆனால் நிவாரணப் பணத்தில் கால்வாய் வெட்ட முடியாது. பேரிடர் நிதியில் 80 சதவீதம் நடந்த பிறகு மீட்பதற்கு, 20 சதவீதம் நடக்கும் முன் தடுப்பதற்கு என்று அதே 15ஆவது நிதிக்குழு பிரித்து வைத்தது. நகர வெள்ளத்தைத் தடுக்க என்றே தனியாக 2,500 கோடியும் ஒதுக்கியது. ஏழு பெருநகரங்களுக்கு. சென்னைக்கு அதில் 500 கோடி. சென்னைக்குத் தேவைதான், மறுக்கவில்லை. பேரூராட்சியில் 50 சென்டிமீட்டர் பெய்தால் எந்தத் தலைப்பில் கேட்பது?

ஏரிக்கரையான் அண்ணா சொன்ன அந்த அடைபட்ட வரத்துக் கால்வாய் இருக்கிறதே, அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தக் கால்வாயைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள் அண்ணா.

ஏரிக்கரையான் | ஞாயிறு, மதியம் 3.30

தம்பி, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு உடனே போய்க் கால்வாயைப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு இடத்தில் கட்டடக் கழிவு கொட்டிக் கிடக்கிறது. ஒரு இடத்தில் கால்வாய் இருந்த சுவடே இல்லை. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

விடியற்காலை | ஞாயிறு, மாலை 6.10

நான் எழுதலாமா என்று தெரியவில்லை. வீடு வீடாகப் போய்க் குப்பையைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லும் பரப்புரையாளராக இருக்கிறேன். ஒப்பந்த வேலை. ஊர் சொல்லவில்லை.

எங்கள் வார்டில் நுண் உரம் தயாரிக்கும் மையம் ஒன்று கட்டினார்கள். தொட்டிகள், கொட்டகை, குப்பையைச் சின்னதாக வெட்டும் இயந்திரம் எல்லாம் வந்தது. நாங்களும் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "மக்கும் குப்பை தனி, மக்காத குப்பை தனி" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியதுதான் மிச்சம் என்று நினைத்தோம். ஆனால் மக்கள் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். உண்மையாகச் சொல்கிறேன், அது பெரிய சந்தோஷம். ஒரு பாட்டி முருங்கைக் கீரைக் காம்பைக்கூடத் தனியாக வைத்திருந்து கொடுப்பார்.

ஒரு நாள் வெட்டும் இயந்திரத்தின் மோட்டார் காயில் எரிந்துவிட்டது. காயில் கட்டப் பெரிய தொகை ஆகாது. அதற்கு ஒப்புதல் வர மாதக்கணக்கில் ஆனது. அதற்குள் பிரித்து வாங்கிய குப்பையை வேறு வழியில்லாமல் ஒரே வண்டியில் கொட்டி மொத்தக் கிடங்குக்கு அனுப்பினார்கள். அதை மக்கள் பார்த்துவிட்டார்கள். "ஏம்மா, நாங்கள் பிரித்துத் தருகிறோம், நீங்கள் சேர்த்துக் கொட்டுகிறீர்களே" என்று அந்தப் பாட்டி கேட்டார். எனக்குப் பதில் இல்லை. இயந்திரம் சரியாகிவிட்டது. மக்கள் திரும்ப வரவில்லை. இப்போது மறுபடியும் முதல் வாசலிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

பராமரிப்புப் பணம் என்று நீங்கள் பேசுவது எனக்கு அந்தக் காயில்தான். கட்டடத்தை மறுபடி கட்டலாம். பழக்கத்தை மறுபடி உண்டாக்குவது ரொம்பக் கஷ்டம்.

பழையபேட்டை கடைக்காரர் | ஞாயிறு, மாலை 6.45

அம்மா, கட்டாயம் எழுத வேண்டியதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்த பிறகு எனக்கு ஒரு விஷயம் தெளிவாகிறது. நூறு கோடித் திட்டத்துக்கு வழி இருக்கிறது, மோட்டார் காயிலுக்கு வழி இல்லை.

பாலக்கோட்டு மாணவி | ஞாயிறு, இரவு 8.20

மின் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். நம் இரண்டு மாவட்டத்துக்கும் மிகப் பெரிய பொதுச் செலவு அதுதான்.

ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்காவின் கடனோடு சுமார் 1,928 கோடியில் கட்டி 2013 மே மாதம் தொடங்கிய திட்டம். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஒசூர், கூடவே 17 பேரூராட்சிகள், ஆயிரக்கணக்கான கிராமங்கள். வெறும் குடிநீர்த் திட்டம் இல்லை, ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைக்கும் திட்டமும்கூட. என் பாட்டிக்கும் பெரியம்மாவுக்கும் பல் முழுக்கக் காவி படிந்திருக்கும். கிணற்றுத் தண்ணீர் செய்த வேலை. ஃப்ளோரைடு ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அவர்களுக்கு யார் சொல்லித் தெரியும்? எனக்கு அந்தக் காவி இல்லை. எனக்கு இந்தத் திட்டம் எண் இல்லை, என் சிரிப்பு.

ஆனால் இந்தத் தண்ணீர் இறங்கி வரவில்லை, ஏறி வருகிறது. ஒகேனக்கலைவிட ஒசூர் அரை கிலோமீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு குடமும் மோட்டாரால் மேலே தள்ளப்பட்ட குடம். அதனால் மின்சாரக் கட்டணம் இருக்கும் வரை செலவு நிற்காது. கட்டுவதற்கு வாங்கிய கடன் ஒரு நாள் தீரும், பம்ப் செலவு தீராது. அது உள்ளாட்சிகள் கட்டும் தண்ணீர்க் காசில்தான் வந்து விழுகிறது.

இந்தூரில் இதே பிரச்சினை. நர்மதைத் தண்ணீரைத் தூரத்தில் கீழேயிருந்து பம்ப் செய்து நகரத்துக்குக் கொண்டு வருகிறார்கள். மின் கட்டணம் மாநகராட்சியை விழுங்கியது. 2023 பிப்ரவரியில் அவர்கள் மக்களிடமே பசுமைப் பத்திரம், அதாவது சுற்றுச்சூழலுக்கு நல்ல வேலைக்கான கடன் பத்திரம், விற்று 244 கோடி திரட்டினார்கள். 60 மெகாவாட் சூரிய மின் நிலையம் கட்டி பம்ப் செலவைக் குறைப்பதற்காக. கேட்டதைவிடப் பல மடங்கு விண்ணப்பம் வந்தது. நம் ஊர் வெயிலுக்கு என்ன குறை? இந்த மாதிரி முதலீடுதான் பராமரிப்புச் செலவையே குறைக்கும் என்று நினைக்கிறேன். பெரியவர்கள் சொல்லுங்கள், நம்மால் பத்திரம் போட முடியுமா?

பழைய கணக்கர் | ஞாயிறு, இரவு 9.40

மகளே, நீங்கள் கேட்டதற்குப் பதில் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

இந்தூர் பெரிய மாநகராட்சி. அதற்குத் தனியாகக் கடன் தர ஆள் உண்டு. தர்மபுரி தனியாகப் பத்திரம் போட்டால் வாங்க ஆள் வராது. தொகை சின்னது, கடனைத் திருப்பிக் கட்டும் தகுதியை மதிப்பிடும் செலவே அதிகமாகிவிடும். இதற்காகத்தான் 2002இல் தமிழ்நாட்டில் குடிநீர், துப்புரவுக்கான கூட்டு நிதி ஒன்றை உருவாக்கினார்கள். பதின்மூன்று சிறிய உள்ளாட்சிகள் சேர்ந்து ஒரே பத்திரமாக 30 கோடியே 41 லட்சம் திரட்டின. தனித்தனியாக அவற்றில் பல ஊர்களை வங்கியே எட்டிப் பார்த்திருக்காது. 1996இல் தொடங்கிய தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான். நம் இரண்டு மாவட்டத்து நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஒசூரைத் துணைக்கு வைத்துக்கொண்டு சேர்ந்து போனால் கனவு இல்லை.

மக்களே முதலில் பணம் போட்ட கதையும் உண்டு. ஆலந்தூர் நகராட்சியாக இருந்தபோது பாதாள சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். குழாய் பதிக்கும் முன்பே மக்கள் கொடுத்தார்கள். தெருத் தெருவாகக் கூட்டம் போட்டு, கணக்கைக் காட்டிக் கேட்டதால் கொடுத்தார்கள். கடைக்காரர் தம்பி காலையில் கேட்டது அதைத்தான்.

ஆனால் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2025-26 ஒன்றிய பட்ஜெட்டில் நகர்ப்புறச் சவால் நிதி என்று 1 லட்சம் கோடி அறிவித்தார்கள். திட்டச் செலவில் 25 சதவீதம் வரை அவர்கள் தருவார்கள். ஆனால் குறைந்தது பாதியைப் பத்திரம், வங்கிக் கடன், தனியார் பங்கு என்று நீயே திரட்ட வேண்டும். அதாவது வருமானம் வரும் வேலையைக் கொண்டு வா என்கிறார்கள். வணிக வளாகத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் இது சரி. வரத்துக் கால்வாய்க்கு யார் வாடகை தருவார்கள்? பெய்யாத வெள்ளத்துக்கு எந்த வங்கியில் வருமானம் காட்டுவது? கடனுக்கும் ஓர் இடம் உண்டு, மானியத்துக்கும் ஓர் இடம் உண்டு. பம்ப் செய்யும் சூரிய மின்சாரத்துக்குக் கடன் வாங்கலாம், மிச்சமாகும் கட்டணத்தில் தவணை கட்டலாம். ஏரிக்கும் கால்வாய்க்கும் அரசு நேராகப் பணம் தர வேண்டும். இரண்டையும் குழப்பினால், வருமானம் வரும் வேலைகள் மட்டுமே நடக்கும், ஊத்தங்கரைத் தம்பி மறுபடி மாடியில் ஏறி நிற்பார்.

தளி ரோடு | ஞாயிறு, இரவு 10.15

கணக்கர் ஐயா, ஒசூரைத் துணைக்கு அழைத்ததற்கு நன்றி. ஆனால் எங்களுக்கே ஒரு சுமை இருக்கிறது, அதற்கு யாரும் தலைப்பு வைக்கவில்லை. ஒசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணை நுரையைப் பற்றிச் சொல்கிறேன். தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, பெங்களூருவின் கழிவைச் சுமந்துகொண்டு எங்களிடம் வருகிறது. அங்கே ஒரு நகரம் சுத்திகரிக்காமல் விட்ட செலவு இங்கே விவசாயி வயலில் நுரையாக நிற்கிறது. எங்கள் மாநகராட்சி எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் இதை அதன் பட்ஜெட்டில் தீர்க்க முடியாது. நகரத்துக்கு நிதி ஒதுக்கும்போது ஆற்றுப்படுகையாகப் பார்த்து ஒதுக்க வேண்டும், எல்லைக்கோட்டைப் பார்த்து இல்லை. இரண்டு மாநிலமும் சம்மதிக்க வேண்டிய வேலை, அதனால் ஒன்றிய அரசு பணத்தோடு நடுவில் உட்கார வேண்டும். இந்த இழையில் இதைத் தீர்க்க முடியாது என்று தெரியும். பதிவாகவாவது இருக்கட்டும்.

ஏரிக்கரையான் | திங்கள், காலை 6.30

எல்லோருக்கும் நன்றி. இரவு தூக்கம் வரவில்லை. படித்ததை வைத்து ஒரு மனு எழுதிப் பார்த்தேன். பெரிய கோரிக்கை எதுவும் வைக்கவில்லை. எங்கள் வார்டின் பகுதி சபையில், அதாவது வார்டு மக்கள் கூடிக் குறை சொல்லும் கூட்டத்தில், வைக்கலாம் என்று எண்ணம். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று முதல் முறை பகுதி சபை கூடியபோது நான் போகவில்லை, பேச்சுக்கு நடக்கும் கூட்டம் என்று நினைத்துவிட்டேன். அது என் தவறு.

மனு இப்படி: "எங்கள் வார்டில் கடந்த ஐந்து ஆண்டுகளில் திட்டப் பணத்தில் கட்டப்பட்ட சொத்துகளின் பட்டியலை வைக்க வேண்டுகிறோம். ஒவ்வொன்றையும் ஓர் ஆண்டு பராமரிக்க ஆகும் செலவை அதன் பக்கத்தில் எழுத வேண்டுகிறோம். வரும் பட்ஜெட்டில் பராமரிப்புக்கு எனத் தனித் தலைப்பு வைத்து, அவசரச் சிறு பழுதுகளுக்கு உடனே செலவு செய்யும் அதிகாரத்தை வரம்போடு கொடுக்க வேண்டுகிறோம். இனி எந்தப் புதிய கட்டுமானத்துக்கும் மன்றம் ஒப்புதல் தரும்போது, அதன் பராமரிப்புச் செலவு எங்கிருந்து வரும் என்பதையும் தீர்மானத்திலேயே எழுத வேண்டுகிறோம். வரத்துக் கால்வாயை வருவாய்த் துறையோடு சேர்ந்து அளந்து எல்லைக் கல் நட வேண்டுகிறோம்."

ஐயா, இதில் பிழை இருந்தால் திருத்துங்கள்.

பழைய கணக்கர் | திங்கள், காலை 7.50

பிழை இல்லை. இரண்டு இடம் மட்டும். "ஐந்து ஆண்டுகளில்" என்பதை 2016 முதல் என்று மாற்றுங்கள். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை மன்றமே இல்லாமல் அரசு நியமித்த தனி அலுவலர்கள் நடத்தினார்கள். அந்தக் காலத்தில் கட்டியவற்றை யாரும் மன்றத்தில் பேசியிருக்க மாட்டார்கள். அவைதான் அதிகமாக விடுபட்டிருக்கும். இரண்டாவது, செலவை ஏரி, கால்வாய், விளக்கு என்று பொருள்வாரியாகக் கேளுங்கள், மொத்தத் தொகையாக வேண்டாம். மொத்தமாகக் கேட்டால் மொத்தமாகப் பதில் வரும்.

கூட்டத்தில் வாங்கிக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். மறந்துவிட வேண்டாம்.

பழையபேட்டை கடைக்காரர் | திங்கள், காலை 8.30

இதையே எங்கள் ஊர்ப் பெயர் போட்டு நானும் கொடுக்கலாமா? சங்கத்தில் நாற்பது பேர் கையெழுத்து என்னால் வாங்க முடியும். சாக்கடை மூடியைச் சேர்த்துக்கொள்கிறேன்.

விடியற்காலை | திங்கள், காலை 9.15

சிறு பழுதுக்கு உடனே செலவு என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்கு நன்றி அண்ணா. நான் கையெழுத்துப் போட்டால் வேலைக்குச் சிக்கல் வருமோ என்று பயமாக இருக்கிறது. அந்தப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், அவர் போடுவார்.

ஊத்தங்கரை மழை | திங்கள், காலை 9.40

எங்கள் மனுவில் கால்வாய் வரியை முதலில் வைத்துக்கொள்கிறேன். உங்கள் கால்வாய்ப் படங்களையும் இங்கே போடுங்கள் அண்ணா. எந்த இடத்தில் சுவடு இல்லை என்றீர்களோ, அந்த இடத்துப் புல எண் கிடைத்தால் பழைய வரைபடத்தோடு ஒத்துப் பார்க்கலாம்.

ஏரிக்கரையான் | திங்கள், காலை 10.05

இன்று மதியம் கிராம நிர்வாக அலுவலரிடம் போகிறேன். புல எண்ணோடு சாயங்காலம் வருகிறேன்.